எதிரொளிப்பை முனைவாக்கத்தால் ஒதுக்கிய அனுபவங்கள்

10.5 கிகாஹெர்ட்ஸ் கன் டயோடும் (மைக்ரோஅலை எழுப்பும் சாதனம்) ஹார்ன் ஆன்டெனாவும் வைத்துச் செய்யும் பரிசோதனைகளில் எனக்குப் பெரிய தலைவலி நிலையலைதான், அதாவது போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்பது. எதிரே இருக்கும் உலோகத் தகட்டை ஒன்றரை சென்டிமீட்டர் நகர்த்துவதற்குள் மீட்டர் முள் ஏறி இறங்கி ஒரு சுற்று முடித்துவிடும். அலைநீளமே சுமார் 2.9 செ.மீ.தான், அதில் பாதி நகர்ந்தால் போதும். தகட்டில் பட்ட அலை திரும்பி ஹார்னுக்குள்ளேயே நுழைவதால் வரும் வினை இது.

அதை முனைவாக்கத்தால் (அலையின் மின்புலம் ஆடும் திசையைக் கொண்டு) தடுக்க, ஹார்னுக்கு முன்னால் கம்பி வலை ஒன்றும், அதையடுத்து 45 டிகிரி திருப்பிய கால் அலைத் தட்டும் (நேர்கோட்டில் ஆடும் மின்புலத்தைச் சுழல வைக்கும் தட்டு) வைத்தேன். கம்பிகள் மின்புலத்துக்குக் குறுக்காக இருப்பதால் போகிற அலைக்குத் தடையில்லை. தட்டைத் தாண்டும்போது அது வலஞ்சுழி (மின்புலம் வலப்பக்கமாகச் சுழலும் அலை) ஆகிறது என்று வையுங்கள். உலோகத்தில் பட்டதும் இடஞ்சுழியாகத் திரும்பும். மறுபடி தட்டுக்குள் புகுந்து வெளிவரும்போது மின்புலம் 90 டிகிரி திரும்பிக் கம்பிகளுக்கு இணையாகிவிடும். கம்பி விடாது. ஆனால் வலையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். நேராக நின்றால் அலையை மறுபடி தகட்டுப் பக்கமே தள்ளும். சாய்த்தால் அது பக்கவாட்டில் போய் உறிஞ்சு நுரையில் அடங்கும். முள்ளின் ஆட்டம் முழுக்க நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்தது.

———

5.8 கிகாஹெர்ட்ஸ் டிரோன் வீடியோவிலும் இதே கதைதான். கான்கிரீட் தூண்களுக்கு நடுவே சாதாரண நேர்கோட்டு ஆன்டெனாவில் படம் கிழிந்துகொண்டே இருந்தது. அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டிலும் வலஞ்சுழி ஆன்டெனா மாட்டியதும் தெளிந்தது. மூலைகளில் மட்டும் அவ்வளவு பயனில்லை. இரண்டு முறை பட்டு வரும் அலை பழைய சுழிக்கே திரும்பிவிடுகிறதே! ஆன்டெனாவைக் கடையில் வாங்கும்போது அச்சு விகிதத்தை (சுழற்சி சரியான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவை) பாருங்கள். 3 டெசிபெல் என்றால் எதிர்ச்சுழி சுமார் 15 டெசிபெல்தான் அடங்கும். 1 டெசிபெல் என்றால் ஏறக்குறைய 25.

———

ஜிபிஎஸ் அளவை செய்பவன் நான். செயற்கைக்கோள் அலை வலஞ்சுழி, தரையில் பட்டால் இடஞ்சுழி என்று பாடத்தில் படிப்போம். கோள் உச்சியில் இருக்கும்வரை சரி. அடிவானத்தை ஒட்டி வரும்போது, ப்ரூஸ்டர் கோணத்தை (செங்குத்துக் கூறு மிகக் குறைவாக எதிரொளிக்கும் கோணம்) தாண்டித் தரையை உரசி வரும் அலையில் செங்குத்துக் கூறும் கிடைக்கூறும் சேர்ந்தே புரள்வதால் சுழி பெரும்பாலும் மாறுவதில்லை. முனைவாக்கம் அங்கே கைகொடுக்காது. சோக் ரிங் ஆன்டெனா (தரையிலிருந்து வரும் அலையை அடக்கும் வளையங்கள் கொண்டது) போட்டு, தாழ்வான கோள்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவேன்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: கம்பி இடைவெளி எவ்வளவு?

———

கம்பி இடைவெளி 3 மி.மீ., அதாவது அலைநீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதைவிட நெருக்கினால் இன்னும் நல்லதுதான், கட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.