முள் எப்போது ஏறுகிறது?

நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் என் காரில் இயந்திரச் சூட்டைக் காட்டும் வெப்பமானி முள் ஏறும். வேகம் பிடித்ததும் தானாக இறங்கிவிடும். இயந்திரச் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று பணிமனையில் சொன்னார்கள். புதிதாக மாற்றினேன். மறுநாள் நெரிசலில் அதே கதை.

பிறகுதான் யோசித்தேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் விசிறியைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? ஏசியைப் போட்டேன், சுழல வேண்டிய விசிறி அசையவில்லை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் நன்றாகச் சுழன்றது. ஃபியூஸும் எரியவில்லை. அடுத்த சந்தேகம் ரிலே மீது; விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு மின்விசை அது. என் வண்டியில் ஹாரனுக்கும் அதே வகை ரிலே என்பதால் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். விசிறி சுழன்றது, ஹாரன் ஊமையானது! தீப்பெட்டியை விடச் சிறிய பொருளுக்காக ஒரு முழு ரேடியேட்டரைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

*

மேலே சொன்னவருக்கு நேர்மாறு என் வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது முள் ஏறாது. நெடுஞ்சாலையில் மேடு ஏறினால் முள் சிவப்பைத் தொடும். அப்படியானால் காற்றில் குறையில்லை, கூலன்ட் (இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டரின் மேல்குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் ஆறிக் கிடந்தது. (தொட்டுப் பார்ப்பவர்கள் விசிறியிடமிருந்து கையைத் தள்ளி வையுங்கள். இயந்திரத்தை அணைத்த பிறகும் அது சுழலக்கூடும்.) சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினேன். 88 டிகிரியில் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் கீற்றளவே திறந்தது.

*

மேலே இருவர் சொன்னதோடு நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முள் உச்சிக்குப் போயிற்று, பதறினேன். சற்று நேரத்தில் சட்டென்று கீழே இறங்கியது. தப்பித்தோம் என்று மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினேன். உண்மையில் கூலன்ட் வற்றி, சென்சார் வெறும் காற்றில் நின்றிருக்கிறது; அதனால்தான் குறைத்துக் காட்டியிருக்கிறது. சூடான கூலன்ட்டால் வெப்பம் பெறும் ஹீட்டரைத் திருப்பியபோது குளிர்ந்த காற்று வந்ததே, அதையாவது கவனித்திருக்கலாம். இயந்திரம் அவ்வளவு சூடாக இருக்கையில் ஹீட்டர் குளிர்ந்து வீசினால் அதனுள் கூலன்ட் இல்லை என்றுதானே பொருள்?

விளைவு: புகைபோக்கியில் நிற்காத வெண்புகை, எண்ணெய் மூடிக்கு அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு. இயந்திரத்தின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது.

கூலன்ட் போன வழி தரையில் எங்கும் தெரியவில்லை. ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் பகுதியான ஹீட்டர் கோரில் நூலளவு ஓட்டை. முன்னிருக்கைக் கால்விரிப்பு ஒரு வாரமாகவே நனைந்து, பிசுபிசுத்து, இனிப்பாக மணத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிந்திய பழச்சாறு என்று நான்தான் இரண்டு முறை துடைத்துவிட்டேன்.