குடல் பாக்டீரியா சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறதா, கூடவே வருகிறதா?

வேதிமுத்து:
கொண்டுவருகிறது என்பதே என் கட்சி. 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வகம், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குச் சாதாரண சுண்டெலியின் குடல் கசடைக் கொடுத்தது. 14 நாளில், சர்க்கரை நோய்க்கு வழிவிடும் உடல் கொழுப்பு சுமார் 60% கூடியது. தின்ற தீனியோ 29% குறைவு. வழியும் தெரியும்: குடல் உட்சுவர் செல்களின் ஃபியாஃப் மரபணு ஒரு புரதத்தைச் சுரக்கும். ரத்தக் கொழுப்பை உடைத்துத் திசுக்களுக்குள் அனுப்பும் லைப்பேஸ் நொதியை அது அடக்கி வைக்கும். பாக்டீரியா குடியேறியதும் ஃபியாஃப் ஒடுங்குகிறது, நொதிக்குத் தடை விலகுகிறது, கொழுப்பு சேர்கிறது. ஃபியாஃப் நீக்கிய சுண்டெலிகள் பாக்டீரியா இல்லாமலேயே கொழுத்தன. இதைவிட என்ன சான்று வேண்டும்?

தரவுக்காரி:
சுண்டெலிக்குச் சரி. மனிதரிடம் கூடவே வருகிறது என்பதே என் கட்சி. மனிதருக்கு வாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் 2012இல், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 18 ஆண்களில் பாதிப் பேருக்கு ஒல்லியானவர்களின் மலக் கரைசலையும், மீதிப் பேருக்கு அவரவருடையதையே சிறுகுடலுக்குள் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஒல்லியானவர்களுடையதைப் பெற்றோருக்கு 6 வாரத்தில், இன்சுலின் செலுத்தும்போது உடல் திசுக்கள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உறிஞ்சும் வேகம், நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 26.2 மைக்ரோமோலிலிருந்து 45.3க்கு ஏறியது. 2017இல் 38 ஆண்களிடம் திரும்பச் செய்தபோது, 6 வாரத்தில் கிடைத்த பலன் 18ஆம் வாரத்தில் காணோம்.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினையும் மறக்காதீர்கள். 784 மல மாதிரிகளின் மரபணுத் தரவை அலசிய 2015 ஆய்வில், நீரிழிவின் அடையாளம் என்று முன்பு சொல்லப்பட்ட மாற்றங்களில் பல அந்த மாத்திரையின் வேலை என்று தெரிந்தது. மாத்திரையைப் பிரிக்காத ஒப்பீட்டை நான் சான்றாக எடுப்பதில்லை.

வேதிமுத்து:
மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பலன் மங்கியது காரணத்தை மறுக்காது. நடவு பட்டுப்போனால் விதையை மட்டுமா குறை சொல்வோம்? 2013இல் பருமனான, ஒல்லியான இரட்டையரின் மலத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து ஒரே கூண்டில் விட்டார்கள். ஒன்றின் கழிவை மற்றொன்று தின்பதால் பாக்டீரியா பரவும். நார்ச்சத்து மிகுந்து நிறைகொழுப்பு குறைந்த தீனியில்தான் ஒல்லியின் பாக்டீரியா பருமனான பக்கம் காலூன்றியது. நார் கிடைத்தால் அவை ப்யூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைச் செய்யும். ப்யூட்டிரேட், டிஎன்ஏ சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் என்ற வேதிக் குழுவைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும். டிஎன்ஏ சுருள் தளர்ந்து, மூடிக்கிடந்த மரபணுக்கள் திறக்கும்.

ஆய்வகவாசி:
எந்தத் திசுவில் திறக்கும் என்று சொல்லுங்கள், வேதிமுத்து. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஹிஸ்டோன் நொதிகளைத் தடுக்க மில்லிமோல் அளவில் ப்யூட்டிரேட் வேண்டும். பெருங்குடலுக்குள் அது உண்டு. குடல் சுவர்ச் செல்களே பெரும்பகுதியை எரிபொருளாக்கிவிடும். மிச்சத்தைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் வெறும் மைக்ரோமோல்தான். ஆகவே ஹிஸ்டோன் கதையைக் குடல் சுவரோடு நிறுத்துங்கள். தசைக்கும் கொழுப்புக்கும் அதை நீட்ட இந்த அளவு போதாது. அங்கே சேதி போவது ஜிஎல்பி-1 மாதிரியான குடல் ஹார்மோன் வழியாக இருக்கலாம், அது வேறு வழக்கு.

மலத்தில் ப்யூட்டிரேட்டை அளப்பதும் ஏமாற்றும். உண்டாவதில் ஏறக்குறைய 95% உறிஞ்சப்பட்டபின் எஞ்சியதைத்தான் அளக்கிறோம். கூடியிருந்தால் உற்பத்தி கூடியதா, உறிஞ்சுதல் குறைந்ததா? தெரியாது. டப்பாவை அறைச் சூட்டில் விட்டால் உள்ளே நொதித்தல் தொடரும். எடுத்த உடன் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். பாக்டீரியா இனங்களின் சதவீதக் கணக்கும் போதாது: ஒரு இனம் பெருகினால், எண்ணிக்கை மாறாத மற்றவை குறைந்ததுபோல் தெரியும். எண்ணிக்கை தெரிந்த வேற்று பாக்டீரியாவை மாதிரியில் கலந்து மொத்தத்தைக் கணக்கிடுங்கள்.

தரவுக்காரி:
அப்படியானால் நான் ஏற்கும் சோதனை இது. மெட்ஃபார்மின் தொடங்காதவர்கள், ஒரு பாதிக்குச் சொந்த மலம், முன்பும், 6ஆம் வாரமும், 18ஆம் வாரமும் இன்சுலின் கிளாம்ப் (இன்சுலினைச் செலுத்தி, குளுக்கோஸ் உறிஞ்சும் வேகத்தை அளக்கும் சோதனை), அதே நாட்களில் பெருங்குடல் சுவரில் துளி திசு எடுத்து ஹிஸ்டோன் அசிட்டைல் அளவு. இரண்டும் ஒரே ஆட்களில் சேர்ந்து மாறினால் என் கட்சியைக் கைவிடுகிறேன்.

வேதிமுத்து:
ஒன்றைச் சேருங்கள்: 18 வாரமும் இரு பாதிக்கும் ஒரே சமையலறையிலிருந்து, நார்ச்சத்தை நிறுத்து அளந்த சாப்பாடு. புதிதாக வந்த பாக்டீரியா தீனி இல்லாமல் பட்டினியில் செத்தால், நீங்கள் அளப்பது பாக்டீரியாவை அல்ல, பட்டினியை.