தைராய்டு மாத்திரையால் கொழுப்புக் கல்லீரல் கரையுமா?

செங்காங்_குமரன் கேட்டது:

வணக்கம். அக்காவின் (வயது 52) ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கிறது. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் ஏறும்) 14.6. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) 9.1, ஆய்வகம் கொடுத்த கீழ்வரம்பு 10. கல்லீரல் நொதிகள் ஏஎல்டி 62, ஏஎஸ்டி 48, பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) 236. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.6 மில்லிமோல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. அல்ட்ராசவுண்டில் 'மிதமான கொழுப்புக் கல்லீரல்'. எடை 68 கிலோ, உயரம் 156 செ.மீ. மது பழக்கம் இல்லை.

இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தைராக்சின் (டி4 ஹார்மோன் மாத்திரை) 50 மைக்ரோகிராம் கொடுத்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். என் சந்தேகங்கள்: தைராய்டு சரியானால் கல்லீரலும் தானாகச் சரியாகுமா? மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால் கொழுப்பு சீக்கிரம் குறையுமா? அமெரிக்காவில் கல்லீரலுக்கென்று தைராய்டு ஹார்மோன் போலவே ஒரு மருந்து வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது வேறா, இதேதானா?

கல்லீரல்_வாசகி:

முதல் கேள்விக்குப் பதில்: ஓரளவு ஆகும், முழுசாக ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியிடுகிறது. கல்லீரல் அதை டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. டி3 கல்லீரல் செல்லில் 'பீட்டா' வகை ஏற்பியில் போய் ஒட்டும்போது பல வேலைகள் நடக்கின்றன. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரிகிறது. செல்லுக்குள் தேங்கிய கொழுப்புத் துளிகளைச் செல்லே உடைத்துச் செரிக்கிறது. எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கூடுகின்றன, கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறி வெளியேறுகிறது. ஹார்மோன் குறைந்தால் இத்தனையும் மந்தமாகும். அக்காவின் எல்டிஎல் 4.6-ல் தைராய்டுக்கு நல்ல பங்கு இருக்கும்.

ஆனால் எச்பிஏ1சி 6.1, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) கிட்டத்தட்ட 28. சிங்கப்பூரில் 27.5-க்கு மேல் போனாலே அதிக ஆபத்துப் பிரிவு. அதாவது இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) தனியாகக் கல்லீரலுக்குக் கொழுப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தைராக்சின் அந்தக் கதவை மூடாது.

அடுத்து ஃபிப்-4, அதாவது கல்லீரலில் தழும்பு இருக்குமா என்று ரத்த எண்களை வைத்துக் கணிக்கும் மதிப்பெண். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 52 × 48 = 2496. 62-இன் வர்க்கமூலம் 7.87, அதை 236-ஆல் பெருக்கினால் சுமார் 1858. விடை 1.34. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். (65 வயதுக்கு மேல் கீழ்வரம்பை 2.0 என்று எடுப்பார்கள்.) அக்கா கோட்டை மயிரிழையில் தாண்டி நிற்கிறார்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏஎஸ்டி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குத் தசையிலிருந்து ஏஎஸ்டி கசிவது சகஜம். அப்போது ஃபிப்-4 பொய்யாக ஏறும். இவருக்கே ஏஎஸ்டி 40 என்று வைத்துப் பாருங்கள், 1.12 வரும். கிரியேட்டின் கைனேஸ் (தசையிலிருந்து கசியும் நொதி) பரிசோதனை ஒன்று சேர்த்துக் கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் தைராய்டைச் சரிசெய்த பிறகு ஃபிப்-4-ஐத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். உயராமல், ஃபிப்-4 மட்டும் 1.3-க்கு மேலேயே நின்றால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். அதில் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் நிம்மதி.

மாத்திரைப்பெட்டி:

அளவைக் கூட்டலாமா என்ற கேள்விக்கு: தானாகக் கூட்டவே கூடாது, தம்பி. 50 மைக்ரோகிராம் தொடக்க அளவு. சுரப்பி வேலையே செய்யாதவருக்கு முழு அளவு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், அக்காவின் எடைக்கு 109 வாக்கில் வரும். ஆனால் சுரப்பி இன்னும் கொஞ்சம் சுரந்துகொண்டிருந்தால் அவ்வளவு தேவைப்படாது. 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பார்த்துத்தான் மருத்துவர் ஏற்றுவார். தைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். அதற்கு முன் பார்க்கிற எண் நிலைத்த எண் அல்ல.

டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போகும் அளவுக்கு விழுங்கினால் கல்லீரல் கொழுப்பு குறைவதற்கு முன்பே இதயம் படபடக்கும். இதயத்திலும் எலும்பிலும் முக்கியமாக இருப்பது 'ஆல்ஃபா' ஏற்பி. டி4 மாத்திரை ஆல்ஃபா, பீட்டா என்று பார்த்து வேலை செய்யாது. மாதவிடாய் நின்ற வயதில் இதய லயம் கெடுவதும் எலும்பு தேய்வதும் சிறிய விஷயமா?

இதைச் சிங்கப்பூரிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஆய்வு அது. தைராய்டு இயல்பாக இருந்து, நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு தைராக்சின் கொடுத்து, டிஎஸ்எச்சை 0.34 முதல் 1.70-க்குள் இறக்கி 16 வாரம் வைத்திருந்தார்கள். இறுதிக் கணக்கில் வந்த 20 ஆண்களுக்குக் கல்லீரல் கொழுப்பு, இருந்ததில் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. ஆரம்பத்தில் இருந்த கொழுப்பு 13 விழுக்காடு, ஆக உண்மையில் ஒன்றரைப் புள்ளிதான் இறங்கியிருக்கிறது. ஒப்பிடுவதற்கு வெற்றுமாத்திரைக் குழுவும் இல்லை. ஹார்மோன் வேலை செய்கிற திசை சரி என்பதற்கு நல்ல சான்று, வீட்டில் மாத்திரையைக் கூட்டுவதற்குச் சான்று அல்ல.

எல்டிஎல் மாத்திரையைத் தள்ளிவைத்தது அலட்சியம் இல்லை. தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) ஆரம்பித்தால் தசைவலி, தசைச் சேதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. டிஎஸ்எச் சரியான பிறகு எல்டிஎல்லைத் திரும்பப் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. கொழுப்புக் கல்லீரல் இருப்பதாலேயே ஸ்டாட்டினுக்குப் பயப்படவும் வேண்டாம், அது அதற்குத் தடை இல்லை.

இப்போது மாத்திரை எடுக்கும் முறை. மருத்துவர் அளவை ஏற்றிக்கொண்டே போவார், டிஎஸ்எச் இறங்காது, கடைசியில் பார்த்தால் காரணம் காலைக் கோப்பியாக இருக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும், 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் கோப்பி, பசியாறல். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான அமில முறிவு மருந்து இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி. 50-ஐத் தாண்டிய பெண்கள் பலர் கால்சியம் எடுப்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள். சோயாப் பாலும் உறிஞ்சுதலைக் கெடுக்கும். காலை ஒத்துவரவில்லை என்றால் இரவு, கடைசி உணவுக்கு 3 மணி நேரம் கழித்து எடுக்கலாம். முடி, நகத்துக்கு என்று பயோட்டின் சாப்பிட்டால் ரத்தம் எடுப்பதற்கு 2, 3 நாளுக்கு முன் நிறுத்துங்கள், தைராய்டு எண்களையே அது பொய்யாக்கும்.

கல்லீரல்_வாசகி:

புதிய மருந்து பற்றி விட்டுப்போனது. பெயர் ரெஸ்மெடிரோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் அனுமதித்தது. தைராக்சின் அல்ல. கல்லீரலுக்குள் போய் பீட்டா ஏற்பியைத் தூண்டும்படி செய்யப்பட்ட மூலக்கூறு. அனுமதி, கல்லீரல் அழற்சியோடு இரண்டாம், மூன்றாம் கட்டத் தழும்பு உள்ளவர்களுக்கு. சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய கடைசிக் கட்டம்) வந்தவர்களுக்கு அல்ல. 100 கிலோவுக்குக் கீழ் 80 மில்லிகிராம், 100-ம் அதற்கு மேலும் 100 மில்லிகிராம்.

பெரிய ஆய்வில் ஓராண்டு முடிவில் அழற்சி அடங்கியவர்கள் 80 மில்லிகிராமில் 25.9 விழுக்காடு, 100 மில்லிகிராமில் 29.9, வெற்றுமாத்திரையில் 9.7. அதாவது மருந்து எடுத்தவர்களிலும் பெரும்பான்மைக்கு அழற்சி அடங்கவில்லை. வயிற்றுப்போக்கும் குமட்டலும் ஆரம்பத்தில் வரும். தைராய்டு குறைவுக்கு இது மாற்று கிடையாது. இப்போதைய எண்களை வைத்துப் பார்த்தால் அக்கா இந்த மருந்தின் வரிசையிலேயே இல்லை.

இன்னொன்று. அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெரிந்ததும் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வந்தது 1987-இல். அக்கா அதற்கு முந்தியவர், ஹெபடைடிஸ் பி பார்த்திருக்கிறார்களா? தைராய்டு குறைவுக்குக் காரணம் ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புசக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) என்றால், தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோயும் சில நேரம் கூட வரும். டிஎஸ்எச் சரியாகியும் ஏஎல்டி இறங்க மறுத்தால் அதற்கான எதிரணுப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டும்.

உணவுத்தட்டு:

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தைராக்சின் ஆரம்பித்ததும் சில கிலோ இறங்கும், அதில் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். அதைக் கல்லீரல் கொழுப்புக் கணக்கில் எழுதாதீர்கள். டிஎஸ்எச் நிலைத்த பிறகு உள்ள எடைதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து 5 விழுக்காடு குறைந்தால் கொழுப்பு குறையும், 7 முதல் 10 குறைந்தால் அழற்சி அடங்கும். 66 கிலோவில் நிலைத்தார் என்று வையுங்கள், 5 விழுக்காடு என்பது 3.3 கிலோ.

உணவங்காடி நிலையத்தில் முதலில் கைவைக்க வேண்டியது பானத்தில். தே தாரே, பண்டுங், மைலோ டைனோசர் எல்லாம் சர்க்கரைக் கிடங்கு. கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாதது) பரவாயில்லை, சொல்லப்போனால் கோப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகவே காணப்படுகிறது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும், அவ்வளவுதான். பிராட்டா இரண்டை ஒன்றாக்கி முட்டை சேர்த்துக்கொள்ளலாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விடுங்கள். சமைத்துச் சாப்பிடும் அளவில் ஒன்றும் ஆகாது. மாறாக, தைராய்டுக்கு நல்லது என்று விற்கும் கடற்பாசி மாத்திரை வேண்டவே வேண்டாம். அயோடின் அளவு மீறினால் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சுரப்பி இன்னும் மந்தமாகும்.

செங்காங்_குமரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா மாத்திரையைத் தே சியோடு (பால் தேநீர்) விழுங்கிக்கொண்டிருந்தார், இன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த சந்திப்பில் எதை எதைக் கேட்பது?

மாத்திரைப்பெட்டி:

6 வாரத்தில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4. அதோடு கிரியேட்டின் கைனேஸ், பார்க்கவில்லை என்றால் ஹெபடைடிஸ் பி, சி. டிஎஸ்எச் வரம்புக்குள் வந்த பிறகு ஏஎல்டி, ஏஎஸ்டி, பிளேட்லெட், எல்டிஎல் நான்கையும் ஒரே நாளில் எடுத்து ஃபிப்-4 திரும்பக் கணக்கிடுங்கள். தே சியோடு எடுத்த நாட்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றிவிடுவார்.