பேக்ஹேண்ட் டிரைவ்: வேகம் கூடினால் பந்து வெளியே போகிறது

வணக்கம். கோடை விடுமுறையிலிருந்து டேபிள் டென்னிஸ் பேக்ஹேண்ட் டிரைவ் (புறங்கை பந்தை நோக்கி இருக்க, முன்னோக்கி அடிக்கும் அடி) பழகுகிறேன், கைக்கு வரவே மாட்டேன் என்கிறது. வலதுகை, ஷேக்ஹேண்ட் பிடி (கைகுலுக்குவது போல் பேட்டைப் பிடிப்பது), பேட்டின் இரண்டு பக்கமும் ஸ்ரீவர் என்ற 1.9 மி.மீ. ரப்பர். ஊர் செங்கோட்டை. கோச் இல்லாததால் ஞாயிறுதோறும் ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தின் புனலூர் போய் ஆடுகிறேன். அங்குள்ள சேட்டன்மார் அருமையாக ஆடுவார்கள். கேட்டால், "போகப்போக வரும்" என்பதோடு சரி.

மெதுவாக அடித்தால் எல்லாம் மேசையில்தான் விழுகிறது. எதிரில் வரும் டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) வேகம் கூடியதும், நான் அடிக்கும் பந்து மேசையைத் தாண்டிப் போய்விடுகிறது. போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்த்தேன். உடம்புக்கு முன்னால் பட வேண்டிய பந்து இடுப்புப் பக்கம் வந்தபின் படுகிறது. முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது, பேட்டின் முகம் மேலே பார்க்கிறது.

கண்ணாடி முன் பந்தில்லாமல் நிழல் பயிற்சி செய்தேன், பிடியைத் தளர்த்தினேன், மேசையிலிருந்து தள்ளியும் நின்றேன். பேட்டின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து மூடிப் பிடித்தால் நேராக வலையில். அப்புறம் மணிக்கட்டைச் சுழற்றியதில் வலிதான் மிச்சம்.

முழங்கையை விலக்கி, பந்தை முன்னாலேயே அடிக்க, வீட்டில் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சி எது?