இரும்புச்சத்துக் குளிசை எடுத்தும் மகளின் குருதிச்சோகை திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி (விசுவமடுவிலிருந்து ஒரு தாய்)

பதினைந்து வயதாகும் என் மகளுக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று தடவைகள் குருதிச்சோகைக்கு மருந்து கொடுத்துவிட்டோம். குளிசை எடுக்கும் மாதங்களில் ஈமோகுளோபின் 11 வரை ஏறுவதும், நிறுத்தியதும் 8 இற்கு இறங்குவதுமாகவே இருக்கிறது. முருங்கையிலையும் நெத்தலியும் விரும்பிச் சாப்பிடும் பிள்ளை. கடைசியாகக் காட்டிய இடத்தில், சாப்பாடு போதாது என்று சொல்லி அதே குளிசையைத்தான் எழுதித் தந்தார்கள். மாதவிடாய் ஒன்பது நாட்கள் நீடிக்கிறது; மணிக்கொரு தடவை நப்கின் மாற்ற வேண்டியிருப்பதால் முதல் மூன்று நாட்களும் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. குளிசையை எப்படிக் கொடுத்தால் பயன் நிலைக்கும்?

பதில் (வவுனியா, மருத்துவ ஆய்வுகூடப் பணியாளர்)

அக்கா, குளிசையைத் தேநீரோடு கொடுக்காமல் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுங்கள். 2017 இல் வெளியான சூரிச் ஆய்வொன்றில், 60 மில்லிகிராம் இரும்பைத் தினமும் எடுத்த பெண்களின் உடல் அதில் 16.3 சதவீதத்தையும், ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுத்தவர்களின் உடல் 21.8 சதவீதத்தையும் உறிஞ்சியது. இரும்பு உள்ளே போனதும் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஓமோன் அடுத்த நாளும் உறிஞ்சலைத் தடுப்பதே காரணம். அப்பெண்களுக்கு உங்கள் மகளுக்கு இருப்பதுபோன்ற கடும் சோகை இருக்கவில்லை; ஆகவே மருத்துவரைக் கேட்காமல் முறையை மாற்ற வேண்டாம்.

பதில் (கிளிநொச்சி, மருத்துவர்)

அம்மா, ஈமோகுளோபின் 11 வரை ஏறுகிறது என்றால் குளிசை தன் வேலையைச் செய்கிறது. ஏறியது எந்த வழியால் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிறுவயதில் மூக்கால் இரத்தம் வடிந்ததா? பல் பிடுங்கியபோது நிற்கத் தாமதமானதா? உங்களுக்குப் பிரசவத்தில் அதிகம் போனதா?

கேள்வி கேட்டவர்

பல் பிடுங்கிய இரவு விடியும்வரை நிற்கவில்லை. தலையணை உறை நனைந்து மெத்தையிலும் ஊறியிருந்தது. இவள் பிறந்தபோது எனக்கும் குருதி ஏற்றினார்கள். இரண்டையும் சேர்த்து நான் நினைத்ததேயில்லை.

பதில் (கிளிநொச்சி, மருத்துவர்)

நீங்கள் சொல்வது வொன் வில்லிபிராண்ட் நோயாக இருக்கக்கூடும். 1926 இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வொன் வில்லிபிராண்ட், ஓலந்துத் தீவுகளில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து விவரித்த பரம்பரைக் குறைபாடு இது; குருதி உறைய உதவும் வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் குறைவாகவோ சரியாக இயங்காமலோ இருப்பதால் இரத்தம் நிற்கத் தாமதமாகும். பெரும்பாலும் ஆண்களையே வருத்தும் இன்னொரு குருதி உறையாமை நோயான ஈமோபீலியாவைப் போலன்றி இருபாலாருக்கும் வருகிறது. காயத்தை அடைக்க உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்நோய் இருக்கலாம் என்பதால், வொன் வில்லிபிராண்ட் காரணியைத் தனியாக அளக்க வேண்டும். காய்ச்சலோ பதற்றமோ அதனைத் தற்காலிகமாக உயர்த்துமாகையால், ஒரு தடவை சரியாக வந்தாலும் மீண்டும் பார்க்கக் கேளுங்கள்.

நோய் உறுதியானாலும் மருந்து எட்டாததல்ல. இந்நோயுள்ள பெண்களின் மிகை மாதவிடாய்க்கு, அந்தக் காரணியைச் செலுத்தும் விலையுயர்ந்த ஊசியையும், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலக் குளிசையையும் ஒப்பிட்டு 2023 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பங்குபற்றியோர் நாற்பதுக்கும் குறைவே என்றாலும், குளிசையே இரத்தப்போக்கைக் கூடுதலாகக் குறைத்தது. அதையும் மருத்துவர் எழுதித் தந்த பின்னரே கொடுங்கள். அதுவரை வயிற்றுவலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுக்க வேண்டாம், பரசிற்றமோல் போதும். இரும்புக் குளிசையை நிறுத்தாதீர்கள். அடுத்த மாதவிடாயில் நாளுக்கு எத்தனை நப்கின், எவ்வளவு இரத்தக்கட்டி என்று ஒரு கொப்பியில் எழுதி, பல் பிடுங்கிய இரவையும் உங்கள் பிரசவத்தையும் அதிலேயே குறித்து, கிளினிக்கில் காட்டி, குருதி நோய் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.