புதுப்பிப்பு: பழைய பெட்ரோல் லைட்டருக்கு 2.5 மி.மீ. கல்தான் சரி

அப்பாவின் பித்தளை பெட்ரோல் லைட்டருக்கு, சக்கரம் உரசினால் பொறி தருகிற கல்லை எந்த அளவில் போடுவது, கடையில் கொடுத்தது உள்ளே நுழையவே இல்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, லைட்டர் எரிகிறது.

மெலிசான 2 மி.மீ. கல் சரிவரவில்லை, நுழைந்தது, ஆனால் கல் உட்காரும் குழாயில் சாய்ந்து சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பலித்தது, கல்லை மாற்றாமல் முதலில் குழாயைச் சுத்தம் பண்ணச் சொன்ன காசிமேடு அண்ணனின் யோசனைதான். பெட்ரோலை வடித்து, பஞ்சை நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 2 மி.மீ. டிரில் பிட்டை மெஷின் இல்லாமல் கையாலேயே மெதுவாகத் திருகினேன், பழைய கல் சாம்பல் நிறத் தூளாகக் கொட்டியது. அப்புறம் பர்மா பஜாரில் வாங்கியிருந்த அதே கல், 2.5 மி.மீ. கனம் 5 மி.மீ. நீளம், வழுக்கிக்கொண்டு போனது.

எதிர்பார்க்காத விஷயம், இந்தக் கல் சீரியமும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை, ஈரக்காற்று பட்டால் உப்பி உள்ளேயே இறுகிவிடும். ராயபுரம் கடல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். பயன்படுத்தாத லைட்டரில் கல்லை விட்டுவைக்காதீர்கள். (இதையும், பெட்ரோமாக்ஸில் கட்டுகிற மேன்டிலையும் கண்டுபிடித்தவர் ஒருவரே, ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், கல்லுக்குக் காப்புரிமை 1903இல்.)

சக்கரப் பல்லில் அடைந்திருந்த தூளையும் டூத் பிரஷால் தேய்த்த பிறகுதான் ஒரே சுற்றில் பொறி வந்தது.