குளோன் கட்டை திருட்டு என்றால் 1949-ல் நடந்ததற்கு என்ன பெயர்?

கட்டைவண்டி:
நேற்று நம் லெகோ மன்றத்தில் கோபுரம்கட்டி என்ற உறுப்பினர், தான் கட்டைகளால் கட்டிய ஏழு நிலைக் கோபுரத்தின் படம் போட்டிருந்தார். ஆறு மாத வேலை. அதற்குக் கீழே பில்லுண்ட்பக்தன் ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "பாதிக்கு மேல் குளோன் கட்டை. திருட்டுச் சாமானில் கட்டியதை லெகோ என்று இங்கே போடாதீர்கள்." லெகோவோடு பொருந்தும்படி வேறு கம்பெனி செய்யும் கட்டை, அதுதான் குளோன், அது திருட்டாம்! ஐயா, ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் 1947-லேயே ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டை விற்றார். 1949-ல் டென்மார்க்கில் உங்கள் தெய்வமான லெகோ வெளியிட்ட கட்டை எதைப் பார்த்துச் செய்தது? மூலையை நேராக்கினார்கள், கட்டையின் மேல் நிற்கும் குமிழின் தலையைத் தட்டையாக்கினார்கள், அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றினார்கள். அளவில் வந்த வித்தியாசம் சுமார் 0.1 மில்லிமீட்டர். நன்றாகப் படியுங்கள், 0.1.

பில்லுண்ட்பக்தன்:
குழாய். லெகோ கட்டையைத் திருப்பினால் உள்ளே தெரியுமே, குமிழைப் பிடிக்கும் அந்தக் குழாய். பேஜ் கட்டைக்குள் அது இருந்ததா? இல்லை. 1958 ஜனவரி 28, லெகோவின் காட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது அந்தக் குழாய்க்குத்தான். குழாய் வந்த பிறகுதான் கட்டை கட்டையைப் பிடித்தது. அதற்கு முன்னால் அது சும்மா அடுக்கி வைப்பது. விஷயம் முடிந்தது.

கட்டைவண்டி:
1949 கேட்டால் 1958 சொல்கிறீர்கள். காலையில் அடுத்தவன் வீட்டுக் கதவைக் கழற்றி வந்தவன், சாயங்காலம் அதில் நல்ல பூட்டாகப் போட்டானாம். பூட்டு பிரமாதம்தான், கதவு யாருடையது? பேஜ் 1957-ல் இறந்துபோனார். 1981-ல் அந்தப் பழைய கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ காசு கொடுத்து வாங்கியது. குழாய்தான் எல்லாம் என்றால், குழாயே இல்லாத கட்டைக்கு 32 வருஷம் கழித்து எதற்குக் காசு?

பில்லுண்ட்பக்தன்:
காசு கொடுத்து வாங்கியது உங்களுக்குத் திருட்டாகத் தெரிகிறது. வாங்காமல் அச்சடிப்பது தொழிலாகத் தெரிகிறது. நல்ல நியாயம். குழாய்க்கு இன்னும் பதில் வரவில்லை.

சாம்பல்மனிதன்:
நீங்கள் இரண்டு பேரும் 1949-லேயே நில்லுங்கள். 2004 வாக்கில் லெகோக்காரர்கள் பழைய சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு நீலம் கலந்த சாம்பலைக் கொண்டுவந்தார்களே, அதை ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முன் கோட்டை கட்டத் தொடங்கியவனுக்குச் சுவர் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். பெரியவர்கள் இந்தப் பொழுதுபோக்கை விட்டு ஓடியதே அதனால்தான்.

வாணி கோவை:
சாம்பல் அண்ணா, எந்த விவாதத் திரியைத் திறந்தாலும் நீங்களும் உங்கள் சாம்பலும். போன மாதம் ரயில் எஞ்சின் திரியிலும் இதையே எழுதினீர்கள்.

சாம்பல்மனிதன்:
ரயில் எஞ்சினும் சாம்பல்தானம்மா.

பில்லுண்ட்பக்தன்:
சீனாவில் போலி லெகோ விற்ற லெப்பின் கும்பலை 2019-ல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது, மறுவருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. தெரியும்தானே? அங்கே போய் 1949 கதையைச் சொல்லியிருக்கலாம், விட்டிருப்பார்கள்.

கட்டைவண்டி:
லெப்பின் செய்தது செட்டையே நகல் எடுத்தது. பெட்டிப் படம், செய்முறைப் புத்தகம், மினிஃபிகர் என்ற குட்டி மனிதப் பொம்மை எல்லாம் அப்படியே. அதைத் திருட்டு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கோபுரம்கட்டி வாங்கியது வெறும் நாலுக்கு இரண்டு கட்டை. அதன் குமிழ் வடிவத்தை வணிகச் சின்னம் என்று உரிமை கொண்டாட முடியாது என 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்தக் கட்டைக்கு இதையேதான் சொன்னது. உங்கள் அருமைக் குழாயின் காப்புரிமையும் எப்போதோ காலாவதி. யார் வேண்டுமானாலும் வார்க்கலாம், சார். திருட்டு என்று சொல்ல ஆசையாக இருந்தால் 0.1-லிருந்து ஆரம்பியுங்கள்.

வாணி கோவை:
சட்டத்தை விடுங்கள். நான் ஒருமுறை கிலோ கணக்கில் குளோன் வாங்கினேன். ஒன்று இறுக்கம், ஒன்று தொளதொளப்பு. பத்து வரிசை ஏறுவதற்குள் சுவர் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. ஏழு நிலைக் கோபுரம் எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உள்ளே பசையா?

கோபுரம்கட்டி:
பசை இல்லை! உள்கூடு முழுக்க அசல் கட்டை. வெளியே தெரியும் சிலை வரிசைக்குத்தான் குளோன். மாதச் சம்பளக்காரன் மூவாயிரம் கட்டையை அசலாக வாங்கினால் வீட்டில் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். கோபுரத்தைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பில்லுண்ட்பக்தன்:
கோபுரம் அழகு. லெகோ இல்லை. இரண்டும் வேறு வேறு.

கட்டைவண்டி:
உள்கூடு அசல் என்று அவரே சொல்லிவிட்டார். மேலே நாலு பொம்மைக்காக முழுக் கோபுரத்தையும் தள்ளிவைக்க நீங்கள் யார்? போன தீபாவளிக்கு உங்கள் வீட்டில் பத்து பேர் கூடிக் கட்டினோமே, அந்தப் பாலத்தின் தூணில் குளோன் கட்டையை நான் என் கண்ணால் பார்த்தேன். குமிழில் லெகோ என்ற பெயர் இல்லை. அன்றைக்கு மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன்.

பில்லுண்ட்பக்தன்:
அது நீங்கள் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது. அன்றைக்கு என் டப்பாவிலிருந்து போன நாலு வளைவுக் கட்டையைப் பற்றி நானும் மரியாதைக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன். பழைய சாம்பல். இப்போது கிடைக்காது.

சாம்பல்மனிதன்:
பழைய சாம்பல் வளைவா? எத்தனை குமிழ் அகலம்? விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கட்டைவண்டி:
வளைவை யார் எடுத்தார்கள் என்று அங்கே இருந்த மற்றவர்களைக் கேளுங்கள். பேச்சை மாற்ற வேண்டாம். என்னிடம் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கிட்டிகிராஃப்ட் கட்டை இரண்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அளந்து படம் போடுகிறேன். 0.1 வருகிறதா இல்லையா, அன்றைக்குப் பார்ப்போம்.

பில்லுண்ட்பக்தன்:
தாராளமாக. அப்படியே திருப்பிப் போட்டு உள்ளே குழாய் இருக்கிறதா என்றும் ஒரு படம்.